வாலைத் துறந்த ஹெலிகாப்டர்

திருவிடந்தைக்காரர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலும் கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. தலைக்கு மேலே 'தடதட'வென்று ஏதாவது போனால் வலை பிரிப்பவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த கணம் வலைக்கே திரும்பிவிடுவார்கள்.

2018 ஏப்ரலில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ராணுவத் தளவாடக் கண்காட்சியான டெஃப்எக்ஸ்போ அந்த ஆண்டு ஏப்ரல் 11 முதல் 14 வரை இங்கேதான் நடந்தது. (அப்போது இது காஞ்சிபுரம் மாவட்டம்; செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்.) 12-ஆம் தேதி பிரதமர் மோடி வந்து முறைப்படி தொடங்கிவைத்தார். காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு சென்னையில் கறுப்புக்கொடி பறந்துகொண்டிருந்த நாள். விமான நிலையத்திலிருந்து திருவிடந்தைக்கும், இங்கிருந்து ஐ.ஐ.டி. வளாகத்துக்கும் அவர் ஹெலிகாப்டரிலேயே போனார். சாலையில் நின்ற கொடிகள் எட்டாத உயரத்தில் அவருக்குப் போட்டியாக இருந்தவை போராட்டக்காரர்கள் விட்ட கறுப்பு பலூன்கள்தாம்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 11. சீன அதிபர் ஷி ஜின்பிங்கை மாமல்லபுரத்தில் சந்திக்க வந்த பிரதமர், மறுபடியும் திருவிடந்தையில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். ஷி ஜின்பிங் சென்னையிலிருந்து சாலை வழியாகவே காரில் வந்தார்.

பிரதமரின் இப்படிப்பட்ட பயணங்களுக்கு விமானப்படை வழக்கமாகப் பயன்படுத்துவது ரஷ்யத் தயாரிப்பான மி-17 ரகம். தலைக்கு மேல் ஐந்து இறக்கைகள் கொண்ட பெரிய ரோட்டர், பின்னால் நீண்டுபோகும் வால், வால் நுனியில் செங்குத்தாகச் சுழலும் சின்ன ரோட்டர். ஒரு குழந்தையிடம் ஹெலிகாப்டர் வரையச் சொன்னால் காகிதத்தில் விழும் உருவமும் இதுவே.

அந்த உருவத்தைப் பொய்யாக்கும் ஒன்று அப்போது இந்தியாவுக்கு வரக் காத்திருந்தது. டெஃப்எக்ஸ்போவில் போயிங் நிறுவனம் தலைப்புச் செய்தியானது வேறொரு விஷயத்துக்காக: எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் போர் விமானத்தை எச்.ஏ.எல்., மஹிந்திரா நிறுவனங்களோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரிக்கப் போவதாக இங்கே அறிவித்தது. அந்த விமானத்தை இந்தியா வாங்கவே இல்லை. கடற்படை கடைசியில் ரஃபேல் பக்கம் போய்விட்டது. ஆனால் 2015 செப்டம்பரிலேயே கையெழுத்தாகியிருந்த இன்னொரு போயிங் ஒப்பந்தம் சத்தமில்லாமல் முன்னேறிக்கொண்டிருந்தது. டெஃப்எக்ஸ்போ முடிந்து பத்தே மாதத்தில், 2019 பிப்ரவரியில், குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் கப்பலிலிருந்து நான்கு ஹெலிகாப்டர்கள் இறங்கின. முன்பக்கம் ஒரு ரோட்டர், பின்பக்கம் அதே அளவில் இன்னொன்று. வால் என்று சொல்ல எதுவும் இல்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதவு!

அதுதான் சினூக். முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர் வைத்துப் பறக்கும் 'டேண்டம்' வகை. 1954-ல் சிகோர்ஸ்கி எஸ்-55 மூலம் ஹெலிகாப்டர் யுகத்துக்குள் நுழைந்த இந்திய விமானப்படைக்கு, இந்த வகை வந்து சேர அறுபத்தைந்து ஆண்டு ஆகியிருக்கிறது.

உத்தரம் இல்லாத ஃபேன்

வால் எதற்கு என்று தெரிந்தால்தான் அதைத் துறப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

வீட்டு சீலிங் ஃபேனை நினைத்துக்கொள்வோம். மோட்டார் இறக்கைகளை ஒரு பக்கம் சுழற்றுகிறது. நியூட்டன் சொன்னபடி இறக்கைகளும் மோட்டாரை எதிர்ப்பக்கம் முறுக்குகின்றன. ஆனாலும் கம்பி சுழல்வதில்லை. உத்தரத்துக் கொக்கி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொக்கி இல்லாவிட்டால் ஃபேன் ஒரு பக்கமும் மோட்டார் மறுபக்கமுமாகச் சுற்றும். சுவரில் துளை போடும்போது டிரில்லிங் மெஷின் எங்காவது சிக்கிக்கொண்டால் மணிக்கட்டு என்ன பாடுபடும் என்று ஆசாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். அதே முறுக்கு விசைதான்.

ஹெலிகாப்டருக்கு வானத்தில் உத்தரம் கிடையாது. பல டன் எடையைத் தூக்கும் ரோட்டர் ஒரு பக்கம் சுழன்றால், கீழே தொங்கும் உடல் எதிர்ப்பக்கம் பம்பரமாய்ச் சுற்றத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் வாலும் வால் ரோட்டரும். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளினால் மூச்சு வாங்கும். ஓரத்தில் ஒரு விரலே போதும். அதே கணக்கில், மையத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் ஒரு சின்ன ரோட்டரை வைத்து உடலைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்கிறார்கள். வால் நீளமாக இருப்பதன் காரணம் அழகல்ல, நெம்புகோல்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வாடகை உண்டு. அந்தரத்தில் நிற்கும்போது இன்ஜின் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கை வால் ரோட்டரே தின்றுவிடுகிறது. அந்தச் சக்தி ஒரு கிலோ எடையைக்கூட மேலே தூக்குவதில்லை. உடல் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் காவல் கூலி அது.

வாடகையோடு தொல்லை தீர்வதுமில்லை. வால் ரோட்டர் பக்கவாட்டில் தள்ளுவதால் ஹெலிகாப்டர் மொத்தமும் அந்தப் பக்கமே நகரப் பார்க்கும். அதைச் சரிக்கட்ட மேல் ரோட்டரை எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்க்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர்களை உற்றுப் பார்த்தால், பல ரகங்கள் ஒரு தோள் தாழ்ந்தாற்போல நிற்பது தெரியும். இன்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்தால் முறுக்கும் கூடும். உடனே காலால் பெடலை மிதித்து வால் ரோட்டரின் தள்ளலைக் கூட்ட வேண்டும். குறைத்தால் மறுபடி பெடல். விமானியின் இடக்கையில் ஏற்ற இறக்கத்துக்கான 'கலெக்டிவ்' நெம்புகோல், வலக்கையில் திசைக்குச் சாய்க்கும் 'சைக்ளிக்' கட்டை, இரண்டு காலிலும் பெடல். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கேள்வி கேட்கும். மூக்கைச் சொறியக்கூட ஒரு கை ஓய்வாக இல்லாத தொழில் என்று சொல்லலாம்.

காற்றும் சும்மா இருக்காது. மெதுவாகப் பறக்கும்போதோ நிற்கும்போதோ குறிப்பிட்ட திசையிலிருந்து பக்கக்காற்று வந்து அறைந்தால், வால் ரோட்டர் பிடி நழுவி ஹெலிகாப்டர் திடீரென்று சுற்றத் தொடங்குவதுண்டு. விமானிகளுக்குப் பயிற்சிக் காலத்திலேயே மனத்தில் ஏற்றப்படும் அபாயம் இது. கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளி நம் அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளியில் இருக்கிறது. அங்கே ஓட்டிக் கற்றுக்கொள்ளும் சேத்தக் ஹெலிகாப்டரும் வால் உள்ள ரகம்தான்.

மாட வீதி முனையில் பல்லக்கு

முறுக்கைத் தடுக்க இன்னொரு வழி, முறுக்கை வைத்தே முறுக்கை அடக்குவது. ஒரே அளவிலான இரண்டு ரோட்டர்களை எதிரெதிர்த் திசையில் சுழற்றினால் ஒன்றின் முறுக்கை மற்றொன்று கழித்துவிடும். இந்திய கடற்படையின் கமோவ்-31 இரண்டையும் ஒரே அச்சில் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கிறது. சினூக் முன்னும் பின்னுமாகப் பிரித்து வைத்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் முன் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிராகவும் பின் ரோட்டர் கடிகார முள்ளோடும் சுற்றும். வால் தேவையில்லை, காவல் கூலியும் மிச்சம். இன்ஜின் தரும் சக்தி முழுவதும் தூக்கும் வேலைக்கே போகிறது.

சரி, பெடலை மிதித்தால் திரும்புவதற்கு வால் ரோட்டர் இல்லையே, எப்படித் திரும்பும்?

விடை திருவிடந்தைக் கோயில் வாசலிலேயே இருக்கிறது. பெருமாள் புறப்பாட்டில் பல்லக்கு வீதி முனைக்கு வரும்போது பாதம் தாங்கிகள் என்ன செய்கிறார்கள்? முன்னே தூக்குபவர்கள் வலப்பக்கம் அடியெடுத்து வைப்பார்கள். பின்னே தூக்குபவர்கள் இடப்பக்கம் ஒதுங்குவார்கள். பல்லக்கு நின்ற இடத்திலேயே வலப்புறம் திரும்பிவிடும். சினூக்கும் அச்சு அசல் அப்படியே. விமானி வலப் பெடலை மிதித்தால் முன் ரோட்டர் வலப்பக்கமும் பின் ரோட்டர் இடப்பக்கமும் சாய்கின்றன. மூக்கு வலப்புறம் திரும்புகிறது.

மொத்தமாக வலப்பக்கம் நகர வேண்டுமா? முன்னவரும் பின்னவரும் சேர்ந்தே வலப்புறம் சாய்வார்கள். மேலே ஏற வேண்டுமா? இருவரும் தோளை உயர்த்துவார்கள். முன்னேற வேண்டுமானால் பின்தோள் உயரும், முன்தோள் சற்றுத் தாழும். மூக்கு குனிந்து, தூக்கும் விசையில் ஒரு பகுதி முன்னோக்கி இழுக்கும். வழக்கமான ஹெலிகாப்டர் மூக்கைக் குனிய வைக்க தன் ஒரே ரோட்டரை முன்னால் சாய்க்கிறது. சினூக்கில் அந்த வேலையை முன், பின் ரோட்டர்களின் தூக்கும் விசையில் உண்டாகும் வித்தியாசமே செய்துவிடுகிறது. வேகம் கூடக் கூட, இரண்டு ரோட்டர்களையும் ஒரு தானியங்கி ஏற்பாடு முன்பக்கமாகச் சாய்த்துக்கொடுக்கும். அதனால் உடல் ரொம்பவும் தலைகுனியாமல் மட்டமாகப் போகிறது.

பல்லக்கு உவமைக்கு இன்னொரு பயனும் உண்டு. தலைச்சுமைக்காரர் கூடையைச் சும்மாட்டின் நடுவில் சரியாக வைக்க வேண்டும். சாண் அளவு விலகினாலும் கழுத்து திணறும். ஒற்றை ரோட்டர் ஹெலிகாப்டருக்கும் அதே நிலை. சுமையின் மையம் ரோட்டர் தண்டுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே வர வேண்டும். பல்லக்கிலோ உற்சவர் கொஞ்சம் முன்தள்ளி எழுந்தருளியிருந்தால் முன்னே தூக்குபவருக்குச் சற்றுப் பாரம் கூடும், அவ்வளவுதான், பல்லக்கு கவிழாது. சினூக்கில் சுமையை முழக்கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கலாம். அடிவயிற்றில் மூன்று கொக்கிகள் இருக்கின்றன. நீளமான பொருளை முன்கொக்கி, பின்கொக்கி இரண்டிலும் மாட்டித் தூக்கினால், ஒற்றைக் கயிற்றில் கட்டிய மூட்டை போல அது சுற்றிச் சுற்றி ஆடாது.

பின்னால் வால் இல்லாததால் பின்பக்கம் முழுவதையும் சரிவுப் பலகையாகத் திறந்துவிடலாம். ஜீப்பை நேரே ஓட்டி ஏற்றலாம். வால் ரோட்டர் உள்ள ஹெலிகாப்டரில் பின்பக்கம் போகாதே என்பது முதல் பாடம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலும் அந்தச் சின்ன ரோட்டர் எத்தனையோ உயிர்களை வாங்கியிருக்கிறது. சினூக்கில் பாடம் தலைகீழ். முன் ரோட்டரின் விளிம்புதான் தரைக்குப் பக்கமாகத் தாழ்ந்து வரும். அதனால் முன்பக்கம் போகாதே, பின்பக்கமாக வா என்பார்கள்.

2003-ல் ஆப்கானிஸ்தானில் எடுக்கப்பட்ட ஒரு படம் உலகம் முழுக்கப் போனது. மலைச்சரிவில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் சினூக்கின் பின்பகுதி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது; முன்பாதி அந்தரத்தில். பின்கதவு வழியாக ஆட்கள் ஏறுகிறார்கள். வால் உள்ள எந்த ஹெலிகாப்டரும் இந்த வித்தையைக் கனவிலும் செய்ய முடியாது. வால்தான் முதலில் மாடியில் இடிக்கும்.

நொடிக்கு இருபத்திரண்டு

இவ்வளவு நல்லது என்றால் எல்லா ஹெலிகாப்டரையும் இப்படியே செய்துவிடலாமே? இங்கேதான் கதையின் மறுபக்கம்.

சினூக்கின் ஒவ்வொரு ரோட்டரும் 18.3 மீட்டர் விட்டம். ஒன்றோடொன்று படாமல் தனித்தனியே சுழல வேண்டுமானால் இரண்டு தண்டுகளுக்கும் நடுவே அதைவிட அதிக இடைவெளி வேண்டும். இருப்பதோ சுமார் 12 மீட்டர். அதாவது இரண்டு வட்டங்களும் ஏறக்குறைய 6 மீட்டர் அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. பின் ரோட்டர் சற்று உயரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் இறக்கைகள் விறைத்த கட்டையல்ல. பறக்கும்போது மேலும் கீழும் மடங்கி ஆடுபவை. அந்த உயர வித்தியாசத்தை நம்பி உயிரைக் கொடுக்க முடியாது.

கோலாட்டம் ஆடுபவர்களை நினைத்துக்கொள்ளலாம். தாளம் ஒன்றாக இருக்கும்வரை ஒருத்தி கோலை நீட்டும் இடத்தில் இன்னொருத்தியின் விரல் இருக்காது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று இறக்கைகள். நிமிடத்துக்கு 225 சுற்று. இரண்டு ரோட்டர்களும் ஒன்றையொன்று அறுபது பாகை தள்ளிச் சுழல்கின்றன. பொது வெளிக்குள் நொடிக்கு இருபத்திரண்டு தடவைக்கும் மேலாக ஏதாவதொரு இறக்கை வந்து போகிறது. இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 770 கி.மீ.க்கு மேல். மாறி மாறி, ஒரு தடவைகூடத் தப்பாமல்.

இந்தத் தாளத்தைக் காப்பது இசைஞானமல்ல, இரும்பு. இரண்டு இன்ஜின்களும் பின்பக்கம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 4,700 குதிரைத்திறன். இரண்டின் சக்தியும் ஒரு பொது கியர்பாக்ஸில் சேர்ந்து, அங்கிருந்து கூரை முதுகின் மேல் நீளமாக ஓடும் தண்டு வழியாக முன் ரோட்டருக்கும், பின்பக்கமாகப் பின் ரோட்டருக்கும் போகிறது. ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் மற்றொன்று இரண்டு ரோட்டர்களையும் சுழற்றும். இரண்டும் நின்றால்கூட, இறங்கும் வேகத்தில் கீழிருந்து அடிக்கும் காற்றே இரண்டையும் ஒரே தாளத்தில் சுழற்றிக்கொண்டிருக்கும். வழக்கமான ஹெலிகாப்டரைப் போலவே மெல்லத் தரையிறக்கலாம். உடைபடக் கூடாதவை அந்தத் தண்டும் கியர்பாக்ஸ்களும்தான்.

1986 நவம்பர் 6-ஆம் தேதி அவற்றில் ஒன்று உடைந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளின் சம்பரோ விமான நிலையத்தை நோக்கி, கடலிலுள்ள எண்ணெய்த் தளத்தின் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது ஒரு பயணிகள் சினூக். இறங்கச் சில நிமிடமே இருந்தபோது முன் கியர்பாக்ஸில் ஒரு பற்சக்கரம் முறிந்தது. தாளம் தவறியது. முன் ரோட்டரும் பின் ரோட்டரும் மோதிக்கொண்டன. 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். வால் ரோட்டர் செயலிழந்த வழக்கமான ஹெலிகாப்டரைச் சில சமயம் திறமையான விமானி தரையில் போட்டுவிடுவார். டேண்டம் வகையில் இந்தக் கோளாறு வந்தால் விமானியின் கையில் ஒன்றுமே மிஞ்சாது. வால் ரோட்டரின் அன்றாடத் தொல்லைகளை ஒழித்த வடிவம், தன் ஆபத்தையெல்லாம் ஒரே தண்டில் கோத்து வைத்திருக்கிறது.

வேறு சில்லறைக் குறைகளும் உண்டு. ஒரு படகின் பின்னாலேயே நெருங்கி இன்னொரு படகு போனால், முன்படகு கிளப்பிய கலக்கத்தில் அது மல்லுக்கட்டித்தான் முன்னேற வேண்டும். வேகமாகப் பறக்கும்போது சினூக்கின் பின் ரோட்டருக்கும் அதே கதி. முன் ரோட்டர் கீழே தள்ளிய காற்றுக்குள் நுழைந்து வேலை செய்ய வேண்டும். பின் ரோட்டரை உயரமான தூண் மேல் ஏற்றி வைத்திருப்பது ஓரளவு இதற்காகவும்தான். இன்னொன்று, நீண்ட வால் வழக்கமான ஹெலிகாப்டருக்கு அம்பின் இறகு மாதிரி. ஓடும் திசையில் தானாகவே நேராக நிறுத்தும். சினூக்கின் பெட்டி உடலுக்கு அந்தக் குணம் குறைவு. மூக்கு அலைபாயாமல் பார்த்துக்கொள்வது கணினி வேலை.

விலையும் பராமரிப்பும் சேர்ந்தால் விஷயம் விளங்கிவிடும். ஐந்து கியர்பாக்ஸ், இரண்டு முழு ரோட்டர், அவற்றின் நூற்றுக்கணக்கான மூட்டுகள். நான்கு பேரைச் சபரிமலைக்கோ எண்ணெய்க் கிணற்றுக்கோ கொண்டுபோக இது தேவையே இல்லை. உலகில் பறக்கும் ஹெலிகாப்டர்களில் மிகப் பெரும்பான்மை ஏன் வாலோடு இருக்கின்றன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு ரோட்டர் யோசனைதான் மூத்தது. 1907-ல் பிரான்சில் பால் கோர்னு என்பவர் முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர் வைத்த ஓர் எந்திரத்தில் தரையை விட்டுச் சில விநாடி எழும்பியதாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையிலேயே எழும்பியிருக்குமா என்று பிற்காலப் பொறியாளர்கள் சந்தேகப்பட்டதும் உண்டு. இகோர் சிகோர்ஸ்கி 1939-ல் ஒற்றை ரோட்டரும் வாலுமாகப் பறந்து காட்டி, அந்த உருவத்தையே உலக வழக்கமாக்கினார். அமெரிக்காவில் ஃபிராங்க் பியாசெக்கி மட்டும் விடவில்லை. 1945-ல் அவர் பறக்கவிட்ட இரட்டை ரோட்டர் ஹெலிகாப்டரின் வளைந்த உடலைப் பார்த்துப் 'பறக்கும் வாழைப்பழம்' என்று பெயர் வைத்தார்கள். அவர் தொடங்கிய நிறுவனம் பெயர் மாறி, 1960-ல் போயிங் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சினூக் முதன்முதலாகப் பறந்தது. அறுபது ஆண்டைத் தாண்டியும் தொழிற்சாலையிலிருந்து புதிது புதிதாக வந்துகொண்டிருக்கும் வடிவம் அது.

கத்திரி வெயிலும் கேதார்நாத்தும்

ரோட்டர் பிடித்துத் தள்ளுவது காற்றை. காற்று மெலிந்தால் பிடிமானமும் மெலியும். கத்திரி வெயிலில் திருவிடந்தை மணல் 38 டிகிரியில் கொதிக்கும்போது இங்குள்ள காற்றே வழக்கமான கணக்கைவிட ஏழு சதவீதம் போல மெலிந்துவிடுகிறது. 5,000 மீட்டர் உயர மலையில் கடல் மட்டத்துக் காற்றின் அடர்த்தியில் அறுபது சதவீதம்தான் மிஞ்சும். இன்ஜினும் மூச்சு வாங்கும். ரோட்டரும் வெறுங்காற்றைத் துழாவும். வால் ரோட்டரின் பிடியும் தளரும். இந்த நிலையில் பத்தில் ஒரு பங்கு சக்தியை வாலுக்குத் தாரை வார்க்காமல் இருப்பது பெரிய மிச்சம்.

இமயமலை எல்லைதான் சினூக்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. போட்டியில் எதிரே நின்றது ரஷ்யாவின் மி-26. எட்டு இறக்கைகள், 32 மீட்டர் விட்ட ரோட்டர், 20 டன் சுமை. உலகில் தொடர்ந்து தயாரான ஹெலிகாப்டர்களிலேயே மிகப் பெரியது, வால் உள்ள ஜாதி. தூக்கும் எடையில் சினூக் அதற்குப் பாதிதான், சுமார் 11 டன். ஆனால் ரோட்டர் சுழலும்போது சினூக்கின் மொத்த நீளம் சுமார் 30 மீட்டர்தான். மி-26-க்கு 40 மீட்டர் வேண்டும். மலையிடுக்கில் கைக்குட்டை அளவு மைதானத்தில் இறங்க வேண்டியவருக்கு இந்தப் பத்து மீட்டர் பெரிய விஷயம். 2012-ல் விலைப்புள்ளியிலும் சினூக் முந்தியது.

2019 மார்ச் 25-ஆம் தேதி சண்டிகரில் அப்போதைய விமானப்படைத் தளபதி தனோவா முன்னிலையில் அவை முறைப்படி சேர்ந்தன. மொத்தம் 15. பின்னர் அசாமின் மோகன்பாரியிலும் ஒரு பிரிவு வந்தது. 2022 ஏப்ரல் 11-ஆம் தேதி ஒரு சினூக் சண்டிகரில் கிளம்பி நடுவில் எங்கும் இறங்காமல் அசாமின் ஜோர்ஹாட் போய்ச் சேர்ந்தது. 1,910 கிலோமீட்டர், ஏழரை மணி நேரம். இந்தியாவில் ஒரு ஹெலிகாப்டர் நிற்காமல் போன மிக நீண்ட பயணம் என்று விமானப்படை அதை அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க ராணுவம் இன்ஜின் தீப்பிடிப்பு காரணமாகத் தன் சினூக்குகளைத் தரையில் நிறுத்தியபோது, என்ன கோளாறு என்று இந்தியாவும் விவரம் கேட்டது. கடைசியில் விசாரணை போய் நின்றது ஒரு சின்ன ரப்பர் வளையத்தில்.

சினூக் இந்தியாவில் செய்த வேலைகளில் இந்தக் கட்டுரைக்கு மிகப் பொருத்தமானது கேதார்நாத்தில் நடந்தது. 2018 ஏப்ரல் 3-ஆம் தேதி, திருவிடந்தையில் கண்காட்சிப் பந்தல் தயாராகிக்கொண்டிருந்த அதே வாரங்களில், கேதார்நாத்தில் இறங்க முயன்ற ஒரு மி-17 இரும்பு உத்தரத்தில் இடித்து விழுந்தது. ஆட்கள் உயிர் பிழைத்தார்கள். சிதைந்த உடல் மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் பனியிலும் வெயிலிலும் கிடந்தது. 2020 அக்டோபரில் சினூக் போய், வாலுள்ள அந்த எந்திரத்தின் மிச்சத்தைக் கொக்கியில் மாட்டிக் கீழே கொண்டுவந்தது.

இதைக் கேட்டு வாலில்லாதவர் வென்றுவிட்டார் என்று யாராவது கிளம்பினால், 2002 ஆப்கானிஸ்தானையும் சொல்லிவிட வேண்டும். அங்கே மலையில் விழுந்து கிடந்த ஓர் அமெரிக்க சினூக்கை எடுத்துவரக் கூப்பிடப்பட்டது ரஷ்யத் தயாரிப்பான மி-26. வாலுள்ளது வாலில்லாததைத் தூக்கிக்கொண்டு போனது. உயரச் சாதனையும் வாலோடு பறந்தவர்கள் பக்கமே: 1972-ல் பிரெஞ்சு விமானி ழான் பூலே 12,442 மீட்டர் உயரம் ஏறியது 'லாமா' என்னும் சின்னஞ்சிறு ஒற்றை ரோட்டர் ஹெலிகாப்டரில். எச்.ஏ.எல். அதைத்தான் 'சீட்டா' என்ற பெயரில் இங்கே தயாரித்தது. சியாச்சின் பனியில் நம் வீரர்களுக்கு மண்ணெண்ணெயும் மருந்தும் சுமந்த வண்டி.

தமிழர்களில் சினூக்கை வருடம் தவறாமல் பார்ப்பவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள். ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பில் பிரம்மாண்டமான தேசியக் கொடியைக் கீழே தொங்கவிட்டபடி நகருக்கு மேல் ஊர்ந்து வருவது அதுதான். பக்கத்தில் காவலுக்கு வரும் அபாச்சி ஹெலிகாப்டர்கள் வாலுள்ளவை. 2004 சுனாமிக்குப் பிறகு துறைமுகமும் சாலையும் அழிந்துபோன சுமத்ராவின் மியூலாபோவுக்கு சிங்கப்பூர் அனுப்பிய உதவியைக் கொண்டுபோனவற்றில் இந்த சினூக்குகளும் இருந்தன.

அதே சுனாமி வந்து அறைந்த இந்தச் செங்கல்பட்டுக் கரைக்கு எது பொருத்தம்? சென்னையில் கடலோரக் காவல்படை 2022 ஜூனில் துருவ் மார்க்-3 ஹெலிகாப்டர்களுக்கென்றே 840-வது பிரிவைத் தொடங்கியிருக்கிறது. எச்.ஏ.எல். தயாரிப்பு, ஐந்தரை டன், ஒற்றை ரோட்டர், வால். கடலில் தத்தளிக்கும் ஓரிருவரைக் கயிற்றில் ஏற்றிக்கொள்ள இது போதும். முழு எடையோடு நிற்கும்போது கீழே அடிக்கும் காற்றின் வேகம் துருவுக்கும் சினூக்குக்கும் பெரிதாக வேறுபடாது. கணக்குப்படி இரண்டுக்குமே மணிக்கு 90 கி.மீ. அளவில் வரும். ஆனால் துருவ் கிளப்பும் புயலின் அகலம் ஒரு கூடம் அளவு என்றால், சினூக் கிளப்புவது ஒரு தெரு அளவு. ஃபைபர் படகில் இருப்பவருக்கு மேலே அதைக் கொண்டுபோய் நிறுத்துவது உதவியாக இராது. பாலம் உடைந்து, சாலை அறுந்து, ஜேசிபியையே வானத்தில் கொண்டுபோக வேண்டிய நாள் வந்தால் பேச்சு வேறு.

மாமல்லபுரம் ஆதிவராகக் குகையிலும் வராக மண்டபத்திலும் கடலுக்கடியிலிருந்து பூமியைத் தூக்கி வருபவரும், திருவிடந்தைக் கருவறையில் தாயாரை இடத்தொடையில் ஏந்தி நிற்பவரும் ஒருவரே. சுமை தூக்குவதைப் பற்றி இந்தக் கரைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சண்டிகரில் சினூக்குகளை ஓட்டும் 126-வது ஹெலிகாப்டர் பிரிவுக்கோ சுமை தூக்குவதில் ஒரு குறும்பு இருக்கிறது. முன்பு 20 டன் தூக்கும் மி-26-ஐ ஓட்டியதும் அதே பிரிவுதான். அப்போதிருந்தே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஃபெதர்வெயிட்ஸ்', அதாவது இறகு எடைக்காரர்கள்.